உண்மை வகுப்பு: ஆறு சனிக்கிழமை, மூவாயிரம் ரூபாய், பெறுமதியா?

கடைசிவரை வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். கைவிசிறி ஒன்று கொண்டு போங்கள், அச்சடித்த குறிப்புக்குக் காசு கட்டாதீர்கள், நாலாவது வாரம் வேறு வேலை வந்தால் அந்த வேலையைப் பாருங்கள். மற்றபடி போகலாம்.

இனிக் கதை. நான் திருகோணமலையில் ஓட்டோ ஓட்டுகிறேன். வெளியூர்ச் சனம் வந்தால் கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று ஒரு சுற்றுக் கொண்டுபோய்க் காட்டுவதும் போகிற வழியில் கதை சொல்வதும்தான் பதினாறு வருடமாகப் பிழைப்பு. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில், இராவணன் வெட்டு என்ற பாறை வெடிப்புப் பக்கம் நின்று நான் கதை சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இராவணனின் தாய்க்கு உடம்புக்கு இயலாமல் போனது, கோயில் இருந்த மலையையே தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்க அவன் வாளால் வெட்டியது, தாய் இறந்துவிட்டாள் என்றதும் அந்தியேட்டி என்ற ஈமக்கிரியை செய்வதற்காகக் கன்னியாவில் நிலத்தைக் குத்தி ஏழு வெந்நீர் ஊற்றை வரவழைத்தது, எல்லாம் வரிசையாக வரும். போன சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எட்டு வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை, கீழே கடலை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது உண்மையா?" என்றது. "உண்மைதான் பிள்ளை, எல்லாரும் சொல்லுறதுதானே" என்றேன். "எல்லாரும் சொன்னா உண்மையா?" என்று திருப்பிக் கேட்டது. தாயும் தகப்பனும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது பொய், நன்றாகத்தான் தூங்கினேன், ஆனால் அடுத்த ஹயரில் அதே இடத்தில் அதே கதையைத் தொடங்கியபோது வாய் கொஞ்சம் தடக்கியது.

இரண்டு கிழமை கழித்துப் போட்டோகொப்பிக் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "உண்மை என்றால் என்ன? ஆறு வார மாலை வகுப்பு. எவரும் வரலாம்." எனக்குத்தான் ஒட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்து நம்பரை எடுத்தேன். நடத்துகிறவரின் பெயரும் இடத்தின் பெயரும் இங்கே போடவில்லை, குறையும் எழுதப்போகிறேன் என்பதால். டவுனுக்குள்தான், ஒரு வீட்டின் மேல்மாடி அறை. சனிக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணிவரை. நாலு மணி என்று போட்டிருப்பார்கள், நாலேகாலுக்குச் சேர் சால்வையைச் சரிசெய்துகொண்டு படி ஏறி வருவார், நாலரைக்குத்தான் உண்மை தொடங்கும். கட்டணம் மூவாயிரம், குறிப்புக்குத் தனியாக நானூற்றைம்பது. இடையில் பிளேன்ரீயும் பணிசும் தருவார்கள், அதற்குக் காசு இல்லை, பணிசைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை.

சேர் உயர்தரத்துக்கு அளவையியல் (லொஜிக்) படிப்பித்து ஓய்வு பெற்றவர். அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடம் கலைப்பிரிவில் எடுத்தவர்களுக்கு இந்த வகை ஆசிரியர்களைத் தெரிந்திருக்கும், சோக்கட்டியைக் கையில் எடுத்தால் கீழே வைக்காத ஆட்கள். பதின்மூன்று பேர் சேர்ந்தோம், முடிக்கும்போது எட்டுப் பேர். உயர்தரம் எழுதப்போகிற இரண்டு பிள்ளைகள், ஒரு தாதி, மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன் ஒருவன், ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர் (இவரைப் பற்றிப் பிறகு), இன்னும் சிலர், அப்புறம் நான்.

முதல் வாரம் முழுக்கச் சொல்லைப் பற்றியே போனது. காசு வீண் என்று நான் நினைத்த வாரம் இதுதான், இப்போது யோசித்தால் இதுதான் அடித்தளம். எங்கள் ஊரில் பல்கலைக்கழகப் பாடத்துக்கு மெய்யியல் என்றுதான் பெயர், தமிழ்நாட்டில்தான் தத்துவம் என்பார்கள். மெய் என்றால் உடம்பும், மெய் என்றால் உண்மையும். உண்மை என்ற சொல்லைப் பிரித்தால் உள் வருகிறது, உள்ளதன் தன்மை, அதாவது இருப்பது. வாய்மை வாயிலிருந்து வருகிறது. அப்படியென்றால் உண்மை உலகத்தில் இருக்கிறதா, வாயில் இருக்கிறதா என்று சேர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் குறளுக்குப் போனார். வாய்மை என்று எதைச் சொல்வது என்ற கேள்விக்கு வள்ளுவர் தருகிற விடை, யாருக்கும் தீங்கு இல்லாத சொல் என்பது. அடுத்த குறளில் குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். தாதி உடனே, "நாங்கள் நோயாளியிட்டச் சொல்லுறது எல்லாம் அப்ப வாய்மைதான்" என்றார், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இதை, பயன் தருவதே உண்மை என்கிற பயன்வழிக் கொள்கையின் தமிழ் வடிவம் என்று சேர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை. வள்ளுவர் அங்கே பேசுவது எப்படிப் பேச வேண்டும் என்று. கடல் உப்பா இல்லையா என்பது பேசுகிறவன் நல்லவனா என்பதைப் பொறுத்து மாறாது. கை உயர்த்திச் சொன்னேன். "ஓம் தம்பி, அது ஒரு நல்ல ஆட்சேபணை" என்று சொல்லிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டார். நல்ல ஆட்சேபணை என்றால் நின்று பதில் சொல்ல வேண்டாமா?

இரண்டாவது வாரம், உள்ளதோடு பொருந்துவது உண்மை என்ற கொள்கை. குறிப்பில் இதற்குப் பொருத்தக் கொள்கை என்று போட்டிருந்தது. அரிஸ்டாட்டில் சொன்னதை அவர் பலகையில் எழுதினார்: உள்ளதை இல்லை என்பதும் இல்லாததை உண்டு என்பதும் பொய், உள்ளதை உண்டு என்பதும் இல்லாததை இல்லை என்பதும் மெய். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய வசனம், பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும். கோட்டை வாசலில் மான் நிற்கிறது என்று நான் சொன்னால், அங்கே மான் நின்றால் அது உண்மை. எங்கள் ஊரில் பெரும்பாலும் நிற்கும், அது வேறு. வெளியே இருந்து வந்தவர்களுக்குத்தான் அதிசயம், எங்களுக்கு மான் என்றால் கடைவாசலில் வந்து வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கிற சாமான்.

சரி, மான் நிற்கவில்லை, கோட்டை வாசலில் மான் இல்லை என்று சொல்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது எதோடு பொருந்துகிறது? இல்லாத மானோடா? அந்த வாசலில் யானையும் இல்லை, கப்பலும் இல்லை, என் மாமியாரும் இல்லை. இந்த இல்லைகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றனவா? இதை ஆங்கில மெய்யியலாளர் ரசல் அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேசி, எதிர்மறை நிகழ்வுகள் என்று உலகத்தில் இருக்கின்றன என்று வாதிட்டபோது கிட்டத்தட்டக் கலவரமே வந்துவிட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறாராம். மணிமேகலையில் வரும் பத்து அளவைகளில் (அளவை என்றால் அறியும் வழி) அபாவம் என்று ஒன்று இருப்பதைச் சேர் இந்த இடத்தில் கொண்டுவந்தார், அதாவது இல்லாமையை அறிவதற்கே தனியாக ஒரு வழியை நம் ஆட்கள் எண்ணிக்கையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில்தான் மனிதர் ஜொலித்தார். வீடு வருமட்டும் ஒவ்வொரு சந்தியிலும் என்னென்ன இல்லை என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மூன்றாவது வாரம்தான் என் வாரம். ஒத்திசைவுக் கொள்கை. ஒரு கூற்றைத் தனியே எடுத்து உலகத்தோடு ஒட்டிப் பார்க்க முடியாது, நாங்கள் ஏற்கெனவே நம்புகிற மற்றக் கூற்றுகளோடு சேர்ந்து நிற்கிறதா என்றுதான் பார்க்க முடியும், அப்படிக் குறையில்லாமல் சேர்ந்து நிற்பதுதான் உண்மை என்பது. இங்கிலாந்தில் பிராட்லி, யோக்கிம் போன்றவர்கள் நூறு வருடத்துக்கு முந்தி இந்த வரிசையில் நின்றவர்கள், யோக்கிமின் புத்தகம் 1906இல் வந்தது. நொய்ராத் என்ற ஒஸ்திரிய அறிஞர் சொன்ன உவமையைச் சேர் எடுத்துப் போட்டார்: நாங்கள் எல்லாம் நடுக்கடலில் கப்பலைத் திருத்துகிற மாலுமிகள், கரைக்குக் கொண்டுவந்து ஏற்றித் திருத்த வழி இல்லை, ஒரு பலகையைக் கழற்றினால் மற்றப் பலகைகளில் நின்றுகொண்டுதான் புதிதைப் பொருத்த வேண்டும். உடனே அந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன், "சேர், அந்தாள் கடலுக்குப் போனவரா?" என்று கேட்டான். நடுக்கடலில் அடிப்பலகையைக் கழற்றினால் புதுப்பலகை தேட நேரம் இருக்காது, தண்ணீர் ஏறிவிடும், இப்போது எல்லாம் பைபர் வள்ளம்தான், பலகையே கிடையாது என்று அவன் கால்மணி நேரம் விளக்கினான். உவமைக்கு வெளியே போன பேச்சுத்தான், ஆனால் அதற்குள் ஒரு சரக்கு இருந்தது. எல்லாப் பலகையும் ஒரே தரம் இல்லை. சில நம்பிக்கையைக் கழற்றலாம், சிலதைக் கழற்றினால் ஆளே மூழ்கிவிடும்.

பிறகு சேர் கோட்டை வாசல் கல்வெட்டுக்கு வந்தார். திருகோணமலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த கல், மீன் உருவமும் தமிழ் எழுத்தும் வெட்டியது. முன்னே குளக்கோட்டன் (கோயில் கட்டிய மன்னன்) செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று தொடங்கும் பாட்டை நானே ஆயிரம் தடவை பயணிகளுக்குச் சொல்லியிருக்கிறேன், அந்தக் கல்லைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் கல்லில் தேய்ந்து மிஞ்சியிருப்பது பாட்டின் ஒரு பகுதி மட்டும். மிச்ச எழுத்தை நாங்கள் வாயில் இருக்கிற பாட்டை வைத்து நிரப்புகிறோம், பிறகு அந்தக் கல்லையே பாட்டுக்குச் சாட்சியாகக் காட்டுகிறோம். கல் பாட்டைத் தாங்குகிறது, பாட்டு கல்லைத் தாங்குகிறது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியது வரலாறு, அதில் சந்தேகம் இல்லை. அதை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனமா அந்தப் பாட்டு, நடந்து முடிந்த பிறகு வந்ததா என்பதைக் கல்லையும் பாட்டையும் மாறிமாறிப் பார்த்துத் தீர்க்க முடியாது.

இந்த இடத்தில் எனக்கு என்னுடைய இராவணன் ஞாபகம் வந்தான். என் கதையில் ஓட்டை இல்லையே! வெட்டு ஏன் வந்தது, தாய்க்காக. கன்னியா ஏன் வந்தது, தாய் இறந்ததால். ஏன் ஏழு கிணறு, ஏன் சுடுகிறது, ஏன் இன்றும் அங்கே சனம் அந்தியேட்டிக்குப் போகிறது, எல்லாவற்றுக்கும் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒத்திசைவு என்று பார்த்தால் நூற்றுக்கு நூறு. மறுபக்கம் பாறை வெடிப்பு இயற்கையாக வந்தது என்றும், கன்னியாவில் நிலத்துக்கு ஆழத்தில் போய்ச் சூடாகிற தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது, இலங்கையில் எரிமலை கிடையாது என்றும் சொல்கிற விஞ்ஞானமும் தனக்குள்ளே ஒத்துத்தான் போகிறது. இரண்டும் உள்ளே உறுதி, இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. ரசல் இதைத்தான் ஒரு பிஷப்பை வைத்துக் கேட்டிருக்கிறார். ஸ்டப்ஸ் என்ற பிஷப் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கில் போடப்பட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஒத்துப்போகிற மாதிரி மற்ற எல்லாவற்றையும் மாற்றிக் கதை கட்டினால் அது பொய் என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று. பாவம் அந்த மனுசன், மதிப்பான வரலாற்றாசிரியர், தூக்கில் சாகவுமில்லை. அன்றைக்கு வகுப்பு முடிந்து படி இறங்கும்போது மூவாயிரம் ரூபாய் வந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் மூன்று வாரம் இலவசம்.

நாலாவது வாரம் அந்தக் கணக்கைக் கெடுத்தது. பயன்வழிக் கொள்கை, அமெரிக்காக்காரர் பேர்ஸ், வில்லியம் ஜேம்ஸ். ஜேம்ஸின் சொற்பொழிவுகள் 1907இல் புத்தகமாக வந்தன, ஒரு கருத்தின் பணமதிப்பு என்ன, அதை உண்மை என்று எடுத்தால் வாழ்க்கையில் என்ன வித்தியாசம் வரும் என்று கேட்டவர். நான் விடவில்லை, "சேர், இராவணன் கதை எனக்கு மாதம் மாதம் காசு தருது, அப்ப அது உண்மையோ?" என்றேன். நல்ல பதில் தந்தார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜேம்ஸ் சொல்கிற பயன் உன் சட்டைப்பைக்கு வருகிற பயன் இல்லை, கானல் நீரைத் தண்ணீர் என்று நம்பினால் நடக்கிறதுவரை மனம் குளிரும், குடிக்கப் போனால் தொண்டை நனையாது, முழு அனுபவத்தோடும் நீண்டகாலம் மோதி நிற்க வேண்டும் என்றார். பௌத்த அறிஞர் தருமகீர்த்தி, நினைத்த காரியத்தை முடித்துத் தருவதில் ஏமாற்றாத அறிவுதான் சரியான அறிவு என்று 7ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பக்கத்தில் போய்விட்டார் என்றும் சொன்னார். பேர்ஸ் இன்னும் கண்டிப்பானவர், ஆராய்கிற எல்லாரும் கடைசியில் போய்ச் சேர விதிக்கப்பட்ட முடிவே உண்மை என்று 1878இல் எழுதியவர். மற்றவர்கள் தன் கொள்கையின் பெயரைக் கண்டபடி பாவிக்கிறார்கள் என்று கோபப்பட்டுப் பிறகு பெயரையே கொஞ்சம் மாற்றி, பிள்ளைபிடிகாரர் எடுத்துக்கொண்டு போகாத அளவுக்கு இது அவலட்சணமான பெயர் என்றாராம்.

இதுவரை நன்றாகப் போனது. பிறகுதான் அந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் எழும்பினார். "ஆகவே ஆளுக்கு ஒரு உண்மை" என்று தொடங்கி ஐம்பது நிமிடம். தன் காணி வழக்கு, தன் மருமகன், நாட்டு நிலவரம், எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு உண்மை. சமணரின் யானைக் கதையும் வந்தது, தடவிப் பார்த்த குருடர் எல்லாரும் சரி என்று. சேருக்குத் தெரியாததா? சமணர் எல்லாரும் சரி என்று சொல்லவில்லை, ஒவ்வொருவர் சொல்வதும் ஒரு நோக்கில் பொருந்தும், அந்த நோக்கைச் சேர்த்துச் சொல்லாமல் அறுதியிட்டுப் பேசினால் பிழை என்பதுதான் அவர்கள் வாதம், யானைக் கதையே யானை என்று ஒன்று உண்மையில் நின்றால்தான் கதை. இதைச் சேர் அடுத்த வாரம் வந்து இரண்டு நிமிடத்தில் சொன்னார். அன்றைக்கே சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சியிருக்கும். வயதில் மூத்தவரை இடைமறிக்கக் கூடாது என்ற மரியாதை வகுப்புக்கு உதவாது. உயர்தரப் பிள்ளைகளில் ஒருத்தி என் பக்கம் குனிந்து, "அண்ணா, அவரிட உண்மை அவருக்கு, எங்கட நேரம் எங்களுக்கு" என்றாள். மூன்று பேர் அதற்குப் பிறகு வரவில்லை.

குறிப்புப் புத்தகத்தைப் பற்றி இங்கேயே திட்டிவிடுகிறேன். நானூற்றைம்பது ரூபாய்க்கு எழுபது பக்கப் போட்டோகொப்பி. ஒத்திசைவுக் கொள்கைப் பக்கங்கள் இரண்டு தடவை வருகின்றன, பயன்வழிக் கொள்கைப் பக்கங்கள் இல்லவே இல்லை. எங்கேயோ இருந்து மொழிபெயர்த்த தமிழ், ஒரு வசனத்தை மூன்று தரம் வாசித்தால் மூன்று பொருள். பொருத்தம், ஒப்பு, இசைவு, ஒத்திசைவு என்று நாலு சொல்லையும் மாறிமாறிப் போட்டு எது எந்தக் கொள்கை என்றே தெரியாது. நான் என் கொப்பியில் எனக்கு விளங்கிய மாதிரி எழுதி வைத்தேன்: உள்ளதோடு ஒட்டுவது, ஒன்றோடொன்று ஒட்டுவது, வேலைக்கு ஒட்டுவது. அதைப் பார்த்துத் தாதி அக்காவும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் கரண்ட் இல்லை. ஃபான் நின்றது, மேல்மாடித் தகரம் பகல் முழுக்கக் காய்ந்த சூட்டை எங்கள் தலையில் இறக்கியது. அந்த வேர்வையில் சேர் பலகையில் ஒரே ஒரு வசனம் எழுதினார்: "இந்தப் பலகையில் எழுதியிருப்பது பொய்." அது உண்மை என்றால் பொய், பொய் என்றால் உண்மை. இது கிறுக்குக் கணக்கு இல்லை, கிரேக்கர் காலத்திலிருந்து ஆட்களைத் தூங்கவிடாத வசனம். போலந்துக்காரர் தார்ஸ்கி 1933இல் கொடுத்த வழி: ஒரு மொழியின் வசனங்களைப் பற்றி உண்மை, பொய் என்று பேசுவதற்கு அதற்கு மேலே இன்னொரு மொழி வேண்டும், ஒரே மொழி தன்னைத்தானே தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டால் இப்படித்தான் மாட்டும். அவருடைய புகழ்பெற்ற உதாரணம் குறிப்பில் இப்படி இருந்தது: 'பனி வெண்மையானது' என்பது உண்மை, பனி வெண்மையாக இருந்தால் மட்டும். எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. வெள்ளைக்காரன் சொன்ன பனி வானத்திலிருந்து கொட்டுகிற ஸ்னோ, எங்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் இருக்கிற ஈரம், அதற்கு என்ன நிறம்? சேர் அதை அழித்துவிட்டு 'கடல் உப்பு' என்பது உண்மை, கடல் உப்பாக இருந்தால், இருந்தால் மட்டும் என்று எழுதினார்.

இதில் என்ன இருக்கிறது, ஒரே வசனத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறார் என்றுதான் எல்லாரும் முழித்தோம். அப்போது அவர் செய்த காரியம்தான் இந்த வகுப்பில் எனக்கு ஆகப் பிடித்தது. கடல் உப்பு என்ற வசனத்தை இடது பக்கம் சிங்களத்தில் எழுதினார், வலது பக்கத்தைத் தமிழிலேயே விட்டார். உடனே பளிச்சென்று தெரிந்தது. இடது பக்கம் இருப்பது ஒரு வசனத்தின் பெயர், சிங்களம் தெரியாதவனுக்கு அது வெறும் கோடு. வலது பக்கம் இருப்பது உலகம் எப்படி இருக்க வேண்டும் என்பது. நான் நாள்முழுக்கச் சிங்களப் பயணிகளுக்கும் தமிழ்ப் பயணிகளுக்கும் ஒரே கடலைக் காட்டுகிறவன், இது எனக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்?

அதே மூச்சில் இங்கிலாந்து மெய்யியலாளர் ராம்சி. இருபத்தாறு வயதில் 1930இல் செத்துப்போன மனிதன், அதற்கு மூன்று வருடம் முந்தி எழுதியது: சீசர் கொல்லப்பட்டார் என்பது உண்மை என்று சொன்னாலும், சீசர் கொல்லப்பட்டார் என்று சொன்னாலும் ஒரே விசயம்தான், உண்மை என்ற சொல் கூடுதலாக ஒன்றையும் சேர்க்கவில்லை, அழுத்திச் சொல்ல உதவும், அவ்வளவுதான். எங்கள் பேச்சிலேயே இது இருக்கிறது. நாங்கள் மெய்யே? என்று கேட்பதும் ஆராய்ச்சிக்காகவா கேட்கிறோம்? ஆனால் அம்மா சொன்னதெல்லாம் உண்மை என்று நான் சொன்னால் அந்த உண்மையை எடுத்தெறிய முடியாது, அம்மா சொன்னதெல்லாம் என்று வசனம் பாதியில் நிற்கும். அம்மா என்னென்ன சொன்னாள் என்று ஞாபகம் இல்லாமலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்க அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. மேலே மெழுகுதிரி வெளிச்சத்தில் இதைக் கேட்டபோது நல்லாத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் நம் பக்கத்துச் சண்டை, பழைய இந்திய மெய்யியல் கட்சிகள் இரண்டுக்கு இடையில். ஓர் அறிவு வந்தால் அது தானாகவே செல்லுபடியாகும், பிறகு வேறொன்று வந்து மறுக்கிறவரை அதைச் சந்தேகப்படத் தேவையில்லை என்பது மீமாம்சகர் கட்சி. இல்லை, சரி என்பதற்கும் வெளியே இருந்து வேறு ஆதாரம் வேண்டும் என்பது நையாயிகர் கட்சி. மணிமேகலையின் பத்து அளவைகளில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது, உலகத்தார் சொல்லி வருவது, அதற்கு அங்கே தந்திருக்கிற உதாரணம் இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று தெளிவது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லாரும் சொல்லுறதுதானே என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலுக்கு இத்தனை நூற்றாண்டுக்கு முந்தியே பெயர் வைத்துப் பேயையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த சைவசித்தாந்தத்தில் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் அளவையைச் சுருக்கிக்கொள்கிறது.

என்னுடைய பெரிய குறை இங்கேதான். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது சேர் போகிறபோக்கில் ஒரு வசனம் சொன்னார்: உண்மை என்றால் என்ன என்பது ஒரு கேள்வி, இது உண்மை என்று எப்படி அறிவது என்பது வேறு கேள்வி, அளவைகள் எல்லாம் இரண்டாவதற்குத்தான் பதில் என்று. ஐயா, இதை முதல் நாள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? என் ஓட்டோவில் பெற்றோல் முள் வேலை செய்யாது, குச்சி விட்டுத்தான் பார்ப்பேன். தாங்கியில் பெற்றோல் இருப்பது ஒன்று, குச்சி நனைவது ஒன்று. குச்சி இல்லாவிட்டாலும் பெற்றோல் இருக்கிறதென்றால் இருக்கிறது. ஒத்திசைவும் பயனும் நல்ல குச்சிகள் என்றால் நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். அவைதான் பெற்றோல் என்று சொன்னபடியால்தான் மூன்றாவது வாரமும் நாலாவது வாரமும் அவ்வளவு குழம்பினோம். ஜேம்ஸும் பிராட்லியும் அப்படிப் பிரிக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதுதான் அவர்கள் சண்டையே என்று சேர் பதில் சொன்னார். சரி, அப்படியென்றால் அந்தச் சண்டையை முதல் நாள் மேசையில் போட்டுத் தொடங்கியிருக்கலாம். அடுத்த தொகுதிக்கு இதை மாற்றினால் வகுப்பு இரண்டு மடங்கு நன்றாக இருக்கும்.

யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், உயர்தரத்தில் அளவையியல் எடுக்கிற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சோதனைக்கு நேரே உதவாது, பாடத்தில் ருசி வரும். கோயில், கல்வெட்டு, ஊர்க்கதை என்று திரிகிற என்னைப் போன்ற ஆட்களும் போகலாம். விவாதத்தில் வெல்லப் போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள், ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள், படி செங்குத்து. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து வருகிறவர்கள் முடிகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், ஆறு மணி என்று சொல்வது ஆறேமுக்கால்.

போன கிழமை அனுராதபுரப் பக்கம் இருந்து வந்த ஓர் அம்மாவையும் மகனையும் சுவாமி மலைக்குக் கூட்டிப்போனேன், தமிழ் ஆட்கள்தான். இராவணன் வெட்டில் நின்று, இப்போது நான் சொல்கிற மாதிரிச் சொன்னேன், இது பாறையில் இயற்கையாக வந்த வெடிப்பு அம்மா, சனம் சொல்லிவருகிற கதை ஒன்று இருக்கிறது, அது வேறு. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெடிப்பு எனக்குத் தெரியுது, நீர் கதையைச் சொல்லும்" என்றார். சொன்னேன். தாய் இறக்கிற இடத்தில் அவர் கண் கலங்கியது. ஒத்திசைவு நூற்றுக்கு நூறு என்று முன்னேயே சொன்னேனே.

சேர் அடுத்த ஆறு வாரத்துக்குக் காலம் என்றால் என்ன என்று ஒரு வகுப்பு வைக்கப்போகிறாராம், அதே அறை, அதே நாலு மணி. நாலு மணிக்குத் தொடங்கினால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.